காளவாசல் பங்க் கச்சேரி

தம்பி,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரை அழுத்தினேன், மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். போன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன். என் வாய் அப்படி, உனக்கே தெரியும். வாழ்நாளெல்லாம் ஆபீசில் குறிப்பு எழுதிய கை, வாயைவிடக் கொஞ்சம் நிதானமானது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு, 'அப்பா வழக்கம்போல அட்வைஸ் பண்றாரு' என்று கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் காட்டிச் சிரிக்காதே. அட்வைஸும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

போன மாதம் நீ ஊருக்கு வந்தபோது, ரிசப்ஷன் அன்றைக்கு சாயங்காலம் உன் பேண்டு பசங்களோடு மண்டபத்து மேடையில் பாடப் போகிறேன் என்றாய். பெங்களூரில் பாடும்போது பூசிக்கொள்கிற மாதிரியே முகத்தில் சாயம், கண்ணுக்கு மை, மினுமினுப்புச் சட்டை எல்லாம் உண்டு என்றாய். நான் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து, "சொந்தக்காரங்க அம்புட்டு பேரு முன்னால நீ மூஞ்சில சாயத்தப் பூசிக்கிட்டு ஆடுனா, நான் மண்டபத்துக்கே வரமாட்டேன், ஆமா" என்றேன். நீ எதிர்த்துப் பேசியிருந்தால் பரவாயில்லை. "சரிப்பா, பாடல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ்சுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் அம்மாவோடு பேசுகிறாய், என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. இப்படியே மணவறையில் உட்கார்ந்தால், போட்டோவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம், அவ்வளவுதான். நான் அதற்கு பயப்படுகிறேன். அப்பா பயப்படுகிறார் என்று நீ கேட்டிருக்க மாட்டாய், இப்போது கேட்டுக்கொள்.

நீ நம்ப மாட்டாய், ஆனால் காளவாசலில் ஒரு நாள் நானும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பாடியிருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதில். பி.காம். முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருமா வராதா என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அரசரடியில் நம் வீடு. சாயங்காலம் ஆனால் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிறேன் என்று கிளம்புவேன். அது முழுப் பொய் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில், கீழே ஷாஜகானுடைய வாப்பாவின் சைக்கிள் கடை. நான் மாடிக்கு அரை மணி நேரம் போவேன், கீழே மூன்று மணி நேரம் இருப்பேன்.

ஷாஜகான் என் கிளாஸ்மேட். அவனுடைய மச்சான் துபாயில் இருந்தார். வரும்போது சென்டு, சோப்போடு கூட இரண்டு கேசட்டும், படம் நிறைந்த ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையும் கொண்டுவந்தார். அந்தக் கேசட்டை டேப்பில் போட்டதும், யாரோ தகரக் கொட்டகைக்குள் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டோம். என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டென்றால் சுருதி, தாளம், குரல் வளம் என்று ஆயிரம் வேண்டும் என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். இவன்களுக்கு அதெல்லாம் இருந்த மாதிரித் தெரியவில்லை, கோபம் இருந்தது. வேலையில்லாமல் சுற்றுகிறவனுக்கு அது போதாதா.

பத்திரிகையில் இரண்டு வகைப் படங்கள் இருந்தன. ஒரு கூட்டம் கிழிந்த சட்டை போட்டு, காதிலும் சட்டையிலும் ஊக்கு குத்தியிருந்தது. அதற்குப் பெயர் பங்க். இன்னொரு கூட்டம் ஜிகினாச் சட்டையும் உதட்டுச் சாயமுமாக நின்றது. அதற்குப் பெயர் கிளாம். ஷாஜகான் கிடார், நான் பாட்டு, டிரம் அடிக்க அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து பாண்டி வந்தான். கல்யாணக் கச்சேரிகளில் அடிப்பவன், வீட்டில் விவசாயம். படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிழிஞ்ச சட்டை எங்க ஊர்ல வயக்காட்டுல எல்லாப் பயலும்தான் போட்டிருக்கான். அதுக்கு எதுக்குடா மேடை? மினுமினுக்கிறதே போடுவோம்" என்றான். அதனால் நாங்கள் கிளாம் ஆனோம். கொடைக்கானலிலிருந்து மூன்று பையன்கள் ஷாஜகானுக்குப் பழக்கம், அவர்கள் பங்க். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து மதுரையில் ஒரு நாள் பாடுவது என்று முடிவானது.

அடுத்துதான் எங்கள் புத்திசாலித்தனத்தைக் கேள். இந்த மாதிரிப் பாட்டை அண்டர்கிரவுண்டில்தான் நடத்துவார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஊருக்குத் தெரியாமல் சின்னச் சின்ன இடத்தில் பாடுவதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் விளங்கியது. நாங்கள் நிஜமாகவே தரைக்குக் கீழே இடம் தேடினோம். மதுரையில் தரைக்குக் கீழே எங்கே போவது? கடைசியில் பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. சாப்பாட்டுக் கூடம் மட்டும் பத்துப் படி இறங்கிக் கீழே இருந்தது. முந்தின நாள் சாம்பார் வாசனை போகாத அந்த இடத்தைப் பிடித்துவிட்டு, சாதித்துவிட்டோம் என்று மூன்று பேரும் பன்பட்டர் ஜாம் சாப்பிட்டோம்.

விளம்பரத்துக்கு மைக் செட்காரர் ஒருவரைப் பிடித்து, ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகச் சொன்னோம். நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'காளவாசல் அருகில், இன்ன மண்டபத்தில், அண்டர்கிரவுண்ட் பங்க் மற்றும் கிளாம் இசை விழா, அனைவரும் வருக.' அந்த மனிதர் தாளை வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் வேஷத்தோடு சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கிறோம். எதிரில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பாத்திரம் எடுக்க வந்தவர்கள்.

வேஷம் என்று சொன்னேன் இல்லையா. ஜிகினாச் சட்டைக்கு எங்கே போவது என்று தவித்தபோது, பாண்டிதான் நாடக டிரஸ் வாடகைக்கு விடுகிற கடையைக் காட்டினான். ராஜபார்ட்டு சட்டைகள், சரிகையும் சம்கியுமாகத் தொங்கின. அங்கே ஒப்பனை போடுகிற செல்லையா அண்ணன், "என்ன வேசம்?" என்று கேட்டார். வேஷம் இல்லை, பாட்டு என்றேன். "பாட்டு சரி. ராசாவா, மந்திரியா?" என்றார். பத்திரிகையைக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இது ராசாவும் இல்ல, பொம்பளையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. சரி, உக்காரு" என்றார். முகத்துக்கு வெள்ளை, கன்னத்துக்கு ரோஸ், கண்ணைச் சுற்றி நீலம், உதட்டுக்குச் சிவப்பு. கண்ணாடியில் பார்த்தேன். தம்பி, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு என்னைப் பிடித்திருந்தது. அன்றைக்கு வரைக்கும் கண்ணாடியில் பார்த்தால் வேலை கிடைக்காத ஒரு முகம்தான் தெரியும்.

ஆறு பேருக்குப் பாடுவதா வேண்டாமா என்று நாங்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போது, மைக் செட்காரர் வேர்க்க விறுவிறுக்கப் படியிறங்கி வந்தார். "என்னப்பா இங்க நிக்கிறீக? அங்க பங்க்ல சனம் அலைமோதுது. முதலாளி என்னைய அடிக்க வாராரு" என்றார். எந்த பங்க் என்றான் ஷாஜகான். அவர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பெட்ரோல் பங்க்தான். வேற எந்த பங்க்? மண்டபம்னும் எழுதியிருக்கீக, பங்க்குனும் எழுதியிருக்கீக. எது சரின்னு யோசிச்சுப் பாத்தேன். புதுசா அண்டர்கிரவுண்டு டேங்க் பொதச்சிருக்கிறது பங்க்லதானே? அதான் மண்டபத்த வெட்டிட்டு, காளவாசல் அண்டர்கிரவுண்டு பங்க்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? காளவாசலில் அப்போது ஒரு புது பெட்ரோல் பங்க் கட்டி முடியும் நிலையில் இருந்தது. இன்னும் பெட்ரோல் வரவில்லை. பெரிய பெரிய டேங்கைக் குழி தோண்டி இறக்குவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்திருந்தது. அதற்குத் திறப்பு விழா, இலவசக் கச்சேரி என்று சனம் நினைத்துக்கொண்டது. நாங்கள் டிரம்மையும் ஆம்ப்ளிபையரையும் தள்ளுவண்டியில் ஏற்றி, ராஜபார்ட்டு உடையோடு பைபாஸ் ரோட்டில் தள்ளிக்கொண்டு ஓடினோம். பங்க்கில் முந்நூறு பேருக்குக் குறையாது. பஸ்சுக்கு நிற்கிறவர்கள், சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வந்து ஊர் திரும்புகிறவர்கள், டைப்ரைட்டிங் பையன்கள் எல்லாரும் நிற்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தன், "மாப்ள, ராசா பெட்ரோல் போட வந்துட்டாருடா" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பங்க் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டு என் இடத்தில் விழா வைத்தீர்கள் என்று கத்தினார். ஷாஜகான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இம்புட்டு சனத்தையும் இப்பத் தொரத்துனா, பங்க் தொறக்குறன்னிக்கு ஒருத்தன் வரமாட்டான். பாடிட்டுப் போயிர்றோம், உங்க பேரச் சொல்லிட்டே பாடுறோம்" என்றான். அவர் கூட்டத்தைப் பார்த்தார். எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கரண்டு கொடுத்தார், தனக்கு ஒரு சேர் போட்டு உட்கார்ந்தும் விட்டார்.

முதலில் கொடைக்கானல் பையன்கள், பம்ப் நிறுத்தக் கட்டியிருந்த திண்டின் மேல் ஏறினார்கள். மூன்று பாட்டு. மூன்றும் சேர்த்து ஆறு நிமிஷம் இருக்கும். பாடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் இன்னும் வரும் என்று காத்திருந்தது. பிறகு வெற்றிலைக் கூடைப் பக்கமிருந்து ஒரு குரல், "அம்புட்டுதானா?" என்றது. பாவம், அந்தப் பையன்கள் அதற்குள் இறங்கிவிட்டார்கள். அடுத்து நாங்கள். கேசட்டில் கேட்டதை வைத்து ஷாஜகான் எழுதிய இங்கிலீஷ் பாட்டை நான் எடுத்தேன். எனக்கே அர்த்தம் தெரியாது, கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது அடியிலேயே கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போது பஸ்சுக்கு நின்ற ஒரு பெரியவர், "ஏப்பா, தமிழ்ல பாடு. இல்லாட்டி அந்தச் சோழவந்தான் பஸ்சு எப்ப வரும்னாவது மைக்குல கேட்டுச் சொல்லு" என்றார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. இங்கிலீஷை விட்டுவிட்டு, அதே மெட்டில், "ஆறு மணி பஸ்சு எங்கே?" என்று கத்தினேன். நாலைந்து பேர், "வரல" என்றார்கள். பாண்டி சும்மா இருப்பானா, அந்த 'வரல'வுக்குச் சரியாக ஒரு அடி போட்டான். "ஆறரை பஸ்சு எங்கே?" என்றேன். "வரல" என்றது பாதிக் கூட்டம். குழாயில தண்ணி எங்கே, கரண்டு எங்கே, ரேஷன் சக்கரை எங்கே, எழுதின பரீட்சைக்கு ரிசல்ட்டு எங்கே என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் முந்நூறு பேரும் சேர்ந்து "வரல, வரல" என்று கத்தினார்கள். பங்க் முதலாளி சேரில் ஏறி நின்று கத்தினார். பங்க் என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் அன்றைக்கு அங்கே நடந்தது அதுதான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. உன் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளிடமும் சொல்லிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் ஷாஜகானுடைய கிடாரில் கம்பி அறுந்தது. அவன் மாற்றுவதற்குள் தண்ணீர் குடிக்கலாம் என்று நான் இறங்கிப் போனேன். செம்பைத் தூக்கி வாயில் ஊற்றும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கூட்டத்தை விலக்கி என்னைப் பார்த்து வந்தார். உன் தாத்தா.

தாத்தா கணக்கு வாத்தியார் என்று உனக்குத் தெரியும். கிளாசில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், பேசினவன் பெயரைச் சொல்லுகிற ஆள். அவர் முன்னால் நான் வெள்ளையும் நீலமும் சிவப்புமாக, சம்கிச் சட்டையோடு நின்றேன். அவர் சட்டைப்பையில் பழுப்பு நிறத்தில் ஒரு சர்க்கார் கவர் துருத்திக்கொண்டிருந்தது. என் எதிரில் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, எம் பையன் இங்கிட்டு வந்தானா?" என்று கேட்டார்.

நான், "இல்லைங்க சார். வரல" என்றேன்.

அப்பாவை சார் என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் முந்நூறு பேரோடு சேர்ந்து சந்தோஷமாகக் கத்தின அதே சொல்லை அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்ஸ்டிடியூட்ல கேட்டேன். எல்லாப் பயலும் பங்க்குக்குப் போயிருக்கான்னாக. அவனுக்கு சர்க்கார் தபால் வந்திருக்கு, வேலை ஆர்டராத்தான் இருக்கும். வீட்டுல வச்சுக் குடுக்கலாம்தான், மனசு கேக்கல. அதான் கையோட குடுத்துருவோம்னு தேடிக்கிட்டு வாரேன்" என்றார். நான், "வந்தா சொல்றேன் சார்" என்றேன். "சொல்லு" என்றார். சைக்கிளைத் திருப்பினார். பிறகு நின்று, "நல்லாப் பாடுற தம்பி. அந்தப் பஸ் பாட்டு நல்லா இருந்துச்சு. தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிக்காத, தொண்டை கட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பாட்டுப் பாடினேன் என்று பாண்டி சொல்கிறான். எனக்கு நினைவில்லை. என் கண்ணெல்லாம் ரோட்டில், அரசரடிப் பக்கம் போகிற சைக்கிள்களின் மேல் இருந்தது. சைக்கிள் கடையில் முகத்துச் சாயத்தை அழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். என் தலைமாட்டில் அந்தக் கவர், பிரிக்காமல் இருந்தது. மறுநாள் காலை நான் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். "காதுக்குப் பின்னால இன்னும் இருக்கு. தொடச்சிக்க. ஆபீசுக்கு அப்படியே போயிறாத" என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எண்ணெயைத் தொட்டுத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றேன். அந்த வாரமே ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போனேன். ஷாஜகான் துபாய்க்குப் போனான். நான் அதற்கப்புறம் பாடவில்லை. யாரும் பாடாதே என்று சொல்லவில்லை.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தாத்தா போனார். அதுவரைக்கும் அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் வெட்கப்பட்டார், அதனால்தான் பேசவில்லை என்று நானாக ஒரு முடிவு கட்டிவிட்டேன். வாத்தியார் மகன் ரோட்டில் வேஷம் கட்டி ஆடினான் என்பதை அவர் விழுங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். நினைத்து நினைத்து, அந்த வெட்கத்தை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். பிறகு அதை உன் மேல் இறக்கினேன். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாவில் கண்ணுக்கு மை வைத்துக்கொண்டு பாடினாயே, நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் உன் சிநேகிதர்கள் முன்னால் உன்னை அறைந்தேன். என் கர்ச்சீப்பை எச்சில் தொட்டு உன் கண்ணை அழுத்தித் துடைத்தேன். மை போகவில்லை, முகமெல்லாம் பரவியது. நீ அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நீ பாடினதை நான் கேட்டேன், தம்பி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டேன். நன்றாகப் பாடினாய். என் அப்பா எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்லவில்லை, அறைந்தேன். தப்பு. இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் அந்த அறை இல்லையென்று ஆகிவிடாது, இருந்தாலும் மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு உன் அம்மா என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களுக்கு அந்தப் பயலு மேல அப்படி என்னதான் கோவம்? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இதை எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். பங்க் கதைக்குச் சிரித்தாள். தாத்தா சைக்கிளோடு வந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையோடு, "என்னன்னு கூப்பிட்டாரு?" என்றாள். தம்பின்னு என்றேன். "வீட்டுல உங்கள என்னன்னு கூப்பிடுவாரு?" என்றாள்.

தம்பி என்றுதான். நம் பக்கம் அப்படித்தானே. பெற்ற மகனும் தம்பிதான், ரோட்டில் போகிறவனும் தம்பிதான். நான் உன்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பங்க்கில் அடையாளம் தெரியாமல் யாரோ ஒரு பையனைக் கூப்பிட்டார், மறுநாள் காதுக்குப் பின்னால் சாயத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்றே இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா விடவில்லை. "தெரிஞ்சுதான் கேட்டிருக்காரு. நாலு பேரு முன்னால காட்டிக் குடுத்து உங்கள அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு, வந்தானான்னு கேட்டிருக்காரு. 'நான்தான்ப்பா'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு பாத்திருக்காரு. சொல்லலன்னதும் நல்லாப் பாடுறன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வெக்கப்பட்டவரு அப்படிச் சொல்லுவாராக்கும்? இதுகூடத் தெரியாம நீங்க என்ன ஆபீசரு" என்றாள். அவள் கீரையோடு உள்ளே போய்விட்டாள். நான் மொட்டை மாடிக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதேன். ஒரு நல்ல வார்த்தை எனக்குத்தான் வந்தது என்று தெரியாமல், அதை வேறு யாருக்கோ வந்த தபால் போலப் பிரிக்காமலேயே வைத்திருந்திருக்கிறேன்.

அட்வைஸ் இருக்கிறது என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் உன் பழைய கதைகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடு. நாம் முடிச்சென்று நினைப்பதை அவர்கள் கீரை ஆய்கிற நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். நான் முப்பது வருஷம் லேட். இன்னொன்று. தெரிந்துகொண்டே யாராவது உன்னிடம் ஒன்றைக் கேட்டால், நீயாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்ல வாய் வராவிட்டால் மறுநாள் குழாயடியில் வைத்தாவது சொல். அப்புறம், பாடுகிற அன்றைக்குத் தயிர்ச்சாதம் சாப்பிடாதே, சளி பிடிக்கும்.

நேற்றுக் காலையில் மண்டபத்துக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். மேடையில் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கிறது, எங்களுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும் என்று சொல்லி எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். நாதஸ்வரம் ஆறரைக்கு முடியும், அதற்கப்புறம் மேடை உங்களுடையது. பாண்டியை அலங்காநல்லூரில் தேடிப் பிடித்துவிட்டேன். பல்லெல்லாம் போய்விட்டது, கை மட்டும் மேஜையில் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அவனும் வருகிறான். முகத்தில் என்ன பூச வேண்டுமோ பூசு, எதைக் குறைக்கவும் வேண்டாம். உன் பெரியப்பா முகத்தைச் சுளிப்பார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கத்துவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பெண் வீட்டுக்காரர்கள் புதிது, நீலமும் சிவப்புமாக மேடையில் நிற்கிறவன் யாரென்று அவர்களுக்கு அடையாளம் தெரியாது. யாராவது என்னிடம் கேட்பார்கள். கேட்காவிட்டால், நானே எழுந்து ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொல்வேன், அது என் மகன் என்று.

அப்பா